வெள்ளைச் சுவர், வெள்ளை பனியன்: திருப்பூர் வீடுகளில் உப்பு ஏறிய வரலாறு

(ஒலி எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு எபிசோடுல ராஜா கிடையாது, போர் கிடையாது, கோட்டையும் கிடையாது. ஒரு சுவர் மட்டும்தான். அதுவும் ஒரு சாதாரண வீட்டோட வெளிச்சுவர்.

அந்த வீடு என் அம்மிச்சியோடது. திருப்பூர்ல இருந்து காங்கயம் ரோட்டுல போய், காசிபாளையம் தாண்டி, நொய்யல் கரைக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கு. போன வருஷம் அங்க போனப்போ முன்பக்கச் சுவர்ல இடுப்பு உயரத்துக்குப் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி நின்னுது. விரல் வச்சா பொலபொலன்னு கொட்டுச்சு. உள்ள பார்த்தா பஞ்சு மாதிரி வெள்ளையா ஒரு தூள். நாக்குல வச்சுப் பார்த்தேன். (சிரிக்காதீங்க, நீங்களும் செஞ்சிருப்பீங்க.) உப்பு.

மாமா அதுக்குள்ள ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "இனி பெயிண்டே வேண்டாங்கண்ணு. முன்னாடி முழுக்க கல் டிசைன் டைல்ஸ் ஒட்டிரலாம். இல்லாட்டி நம்ம ஊர் ஷோரூம்ல எல்லாம் அடிச்சிருக்காங்கள்ல, அந்த ஏசிபி ஷீட் அடிச்சிரலாம். ஒருக்கா செலவு பண்ணுனா அப்புறம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை."

"திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை"ங்கற அந்த வார்த்தையில இருந்துதான் இந்த எபிசோடே ஆரம்பிச்சுது. ஏன்னா அம்மிச்சி காலத்துல வெளிச்சுவர்ங்கறது வருஷா வருஷம் திரும்பிப் பார்த்தே ஆக வேண்டிய ஒரு விஷயம்.

வெள்ளை அடிச்ச காலம்

கொங்கு நாடு மழை மறைவுப் பிரதேசம். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துரும். பாலக்காட்டுக் கணவாய் வழியா காத்து மட்டும் பிச்சுக்கிட்டு வரும். நல்ல மழைன்னா அது ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்குப் பருவத்துலதான். மத்த மாசமெல்லாம் வெயில். அதனால இங்க வெளிச்சுவருக்கு ரெண்டு வேலை. வருஷத்துல சில வாரம் அடிக்கிற மழையைத் தாங்கணும், மீதி நாள் வெயிலைத் திருப்பி அனுப்பணும்.

தோட்டத்துச் சாளைன்னா தென்னந்தடுக்கோ பனை ஓலையோ போதும். கொஞ்சம் வசதி வந்தா கல் அஸ்திவாரம், மண்சுவர், மேல நாட்டு ஓடு. இன்னும் வசதி வந்தா சீமை ஓடு. மங்களூர்ல பாசல் மிஷன்காரங்க 1865ல ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம் தென்னிந்தியா முழுக்கப் பரவுன ஓடு அது. ஓட்டுத் தாழ்வாரம் சுவரைத் தாண்டி ரெண்டு மூணு அடி நீண்டிருக்கும். மண்சுவருக்கு அதுதான் குடை.

அந்த மண்சுவருக்கு மேல போட்ட சட்டை சுண்ணாம்பு. இதோட வேதியியல் பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில சுமார் 900 டிகிரிக்குச் சுட்டா கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். மிச்சமிருக்கிற கல்லுல தண்ணி ஊத்துனா கொதிச்சு நீத்துப் போகும். அந்த நீத்துன சுண்ணாம்பைச் சுவர்ல பூசினா, காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடைத் திரும்ப உறிஞ்சி மறுபடியும் கல்லா மாறும். காளவாயில விட்ட காத்தைச் சுவர்ல வந்து திரும்ப எடுத்துக்குது, அவ்வளவுதான்.

பணக்கார வீடுகள்ல இதையே கலையா மாத்துனாங்க. செட்டிநாட்டு வீடுகள்ல கடுக்காய் ஊறவச்ச தண்ணி, வெல்லம், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து அரைச்சுப் பூசின சுவர், தொட்டுப் பார்த்தா பளிங்கு மாதிரி இருக்கும். சிப்பிச் சுண்ணாம்புல செஞ்ச 'மெட்ராஸ் சுண்ணம்' பூச்சை, இங்க வந்த ஐரோப்பியர்கள் பளிங்கோட ஒப்பிட்டுப் பேசியிருக்காங்க.

நம்ம ஊர்ல அவ்வளவு ஆடம்பரம் இல்லை. தை பொறக்கறதுக்கு முன்னாடி சுண்ணாம்பைத் தொட்டியில ஊறவச்சு, பழைய வேட்டியில வடிகட்டி, ஒட்டிக்கிறதுக்கு வஜ்ரம் கொஞ்சம், மஞ்சள் தட்டாம இருக்க நீலம் கொஞ்சம் கலந்து, மட்டையால அடிப்பாங்க. கீழே ஒரு முழத்துக்குச் செம்மண் பட்டை. அடிச்சு முடிச்சதும் காப்புக்கட்டு. வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூணையும் சேர்த்துக் கூரை முனையில சொருகுவாங்க. அம்மிச்சியைக் கேட்டா அது சாமி காரியம்னு சொல்லும். எனக்கு இப்போ அது ஒரு பராமரிப்பு அட்டவணை மாதிரியும் தெரியுது. மழை முடிஞ்சு, சுவர் காய ஆரம்பிச்சு, எங்க விரிசல் விட்டிருக்குன்னு தெரியற மாசம் மார்கழி. அப்போதான் வெள்ளை அடிக்கிறாங்க.

சுண்ணாம்பு கிருமியையும் கொல்லும். அதோட காரத்தன்மையில பூஞ்சை வளராது. இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல கோயம்புத்தூரை பிளேக் திரும்பத் திரும்பத் தாக்குச்சு. அந்த பயத்தோட சாட்சியா பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்னும் கோவையில இருக்கு. தடுப்பு மருந்து எல்லார் கைக்கும் எட்டாத காலத்துல சுண்ணாம்பு அடிக்கிறதும் ஒரு சுகாதார வேலைதான்.

பனியனும் சுவரும்

இப்போ திருப்பூர் கதைக்கு வருவோம். 1920கள்ல இங்க பின்னலாடை ஆரம்பிக்குது. கொடிகாத்த குமரன் இறந்த 1932லதான் பைக்காரா நீர்மின்சாரமும் உற்பத்தி ஆக ஆரம்பிக்குது. கோவை வட்டாரத்து மில்களும் பட்டறைகளும் அந்தக் கரண்ட்டை நம்பித்தான் வளர்ந்துச்சு. பல பத்தாண்டுகளுக்குத் திருப்பூர்னா பனியன். பனியன்னா வெள்ளை.

துணியை எப்படி வெள்ளை ஆக்குனாங்க? நூல்ல பின்னி வர்ற கோரா துணி பழுப்பா இருக்கும். சலவைப் பட்டறையில பிளீச்சிங் பவுடர் போட்டு வெளுத்து, கடைசியில நீலம் போடுவாங்க. இந்த பிளீச்சிங் பவுடர் 1799ல கிளாஸ்கோல சார்லஸ் டெனன்ட் காப்புரிமை வாங்குன சரக்கு. எப்படிச் செய்யறாங்கன்னா, நீத்துன சுண்ணாம்புல குளோரின் வாயுவை ஏத்தறாங்க.

அதாவது அந்தத் திருப்பூர்ல சுவரை வெள்ளை ஆக்குனதும் சுண்ணாம்பு, பனியனை வெள்ளை ஆக்குனதும் சுண்ணாம்பு. ரெண்டுக்கும் கடைசியில நீலம். இதைத் தெரிஞ்சுக்கிட்ட அன்னைக்கு எங்க அப்பாகிட்ட சொன்னேன். அவர் சிரிச்சார். "எல்லாம் ஒரே கைதான்டா, மட்டைதான் வேற"ன்னார். எங்க அப்பா டையிங் மாஸ்டரா இருந்தவர். அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன்.

சிமெண்ட் வந்த வழி

1824ல இங்கிலாந்துல லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 'போர்ட்லண்ட் சிமெண்ட்'டுக்குக் காப்புரிமை வாங்குறார். இந்தியாவுல அதைச் செய்யற முதல் முயற்சி 1904ல மெட்ராஸ்ல நடந்து, நிலைக்காம போச்சு. நம்ம பக்கம் கதை மாறுனது 1934ல. கோவைக்குப் பக்கத்துல மதுக்கரையில சிமெண்ட் ஆலை வந்துச்சு. திருப்பூருக்குச் சுமார் 60 கிலோமீட்டர். ஒரு காலத்துல காளவாய்க்குப் போயிருக்கக்கூடிய சுண்ணாம்புக்கல் இப்போ ஆலைக்குப் போகுது.

ஆனா ஆலை வந்த உடனே எல்லார் வீட்டுக்கும் சிமெண்ட் வந்துரல. சுதந்திரத்துக்கு அப்புறமும் ரொம்ப காலம் சிமெண்ட்டோட விலையும் விநியோகமும் அரசு கட்டுப்பாட்டுல இருந்துச்சு. வீடு கட்டணும்னா பர்மிட் வாங்கணும். 1982ல கட்டுப்பாடு பாதி தளர்ந்துச்சு, 1989ல முழுசா போச்சு. இந்த ரெண்டு வருஷத்துக்கும் நடுவுல திருப்பூர்ல வேற ஒண்ணு நடந்துக்கிட்டு இருந்தது. உள்ளூர் வெள்ளை பனியன்ல இருந்து, வெளிநாட்டுக்குப் போற கலர் டீ ஷர்ட்டுக்கு ஊர் மாறுச்சு. கையில காசு வந்த நேரத்துலயே கடையில சிமெண்டும் தாராளமா கிடைச்சுது.

சுவரும் கலர் ஆச்சு. முதல்ல சிமெண்ட் பெயிண்ட். எங்க ஊர்ல எந்தக் கம்பெனி டப்பாவா இருந்தாலும் பேர் 'ஸ்னோசெம்'தான். அப்புறம் 1990களுக்குப் பிறகு எக்ஸ்டீரியர் எமல்ஷன். சுண்ணாம்புல இருந்து எமல்ஷன் வரைக்கும் போன இந்த மாற்றத்துல ஒரு முக்கியமான விஷயம் கண்ணுக்குத் தெரியாம நடந்துச்சு. சுண்ணாம்புப் பூச்சுல நுண்துளை நிறைய. சுவருக்குள்ள போன ஈரம் காத்துல ஆவியாகி வெளிய வந்துரும். சிமெண்ட் பூச்சு அதைவிட இறுக்கம். எமல்ஷன் அதுக்கு மேல ஒரு பிளாஸ்டிக் படலம். புது காங்கிரீட் வீட்டுல இது பெரிய பிரச்சனை இல்லை. ஆனா ஈரத்தைக் கீழே இருந்து உறிஞ்சற பழைய மண்சுவர் மேல அடிச்சா, உள்ள போன தண்ணிக்கு வெளிய வர வழி குறைஞ்சுரும்.

எங்க மாமா 1994ல மண்சுவர் மேல சிமெண்ட் பூசுனார். போர் தண்ணியிலதான் கலவை, அதே தண்ணியிலதான் க்யூரிங். 2008ல எமல்ஷன். ரெண்டுமே அப்போ ஊர்ல எல்லாரும் செஞ்சதுதான். யாரும் தப்புன்னு சொல்லல.

உப்பு எங்க இருந்து வந்துச்சு?

வெள்ளை பனியனுக்குத் தேவையில்லாத ஒண்ணு கலர் டீ ஷர்ட்டுக்கு மூட்டை மூட்டையா தேவைப்பட்டுது. அதுதான் உப்பு.

1956ல ஐசிஐ கம்பெனி பருத்திக்கான ரியாக்டிவ் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டு வந்துச்சு. துவைச்சாலும் போகாத சாயம். ஆனா இந்தச் சாயம் தண்ணியிலயே தங்கப் பார்க்கும். அதைத் துணிக்குத் தள்ளி விடறதுக்கு உப்பு வேணும். சாதா உப்பு, இல்லாட்டி கிளாபர் உப்புன்னு சொல்ற சோடியம் சல்பேட். அடர்ந்த கலர்னா லிட்டருக்கு 50 கிராமுக்கும் மேல. ஒரு கிலோ துணிக்கு எட்டு, பத்து லிட்டர் தண்ணின்னு வச்சுக்கிட்டா, ஒரு கிலோ துணிக்குக் கிட்டத்தட்ட அரைக்கிலோ உப்பு. இந்த உப்பு துணியில தங்கறதில்லை. வேலையை முடிச்சுட்டு மொத்தமும் கழிவுத் தண்ணியில வெளிய போயிரும்.

அது போன இடம் நொய்யல். 1992ல ஆத்துக்குக் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை கட்டுனாங்க. சுமார் 20,000 ஏக்கர் பாசனத்துக்காகக் கட்டுன அணை, சில வருஷத்துலயே சாயக்கழிவு தேங்கற இடம் ஆச்சு. விவசாயிங்களே தண்ணியைத் திறக்க வேண்டாம்னு சொல்ற நிலைமை. கிணத்துல உப்பு ஏறுச்சு. நிலம் உவர் ஆச்சு. வழக்கு போட்டாங்க. 2009ல உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. கடைசியில 2011 ஜனவரி 28ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்னு போச்சு. கழிவுத் தண்ணியை வெளியவே விடாம சுத்திகரிச்சாதான் திறக்கலாம்னு ஆச்சு.

அன்னைக்கு எங்க வீட்டுல அப்பா வேலை இல்லாம உக்காந்திருந்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. என் ஸ்கூல் ஃபீஸ், எங்க சைக்கிள், டிவி எல்லாம் அந்த உப்புல வந்ததுதான். அதே நேரம் அம்மிச்சி ஊர்ல கிணத்துத் தண்ணியில பருப்பு வேகலை. ஒரே குடும்பத்துல ரெண்டு பக்கமும் இருந்தோம். பண்டிகைக்குக் கூடுனா இதைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க.

இப்போ திரும்பச் சுவருக்கு வருவோம். மண்பானையில போர் தண்ணி ஊத்தி வச்சிருந்தா, சில நாள்ல பானைக்கு வெளிய வெள்ளையா பூக்கும், பார்த்திருப்பீங்க. தண்ணி நுண்துளை வழியா வெளிய வந்து ஆவியாகுது, அதுல கரைஞ்சிருந்த உப்பு வெளிய தங்கிருது. சுவர்லயும் இதேதான். ஆனா வெளிய பெயிண்ட் படலம் அடைச்சு நின்னா, உப்பு படலத்துக்குப் பின்னாடி படிகமாகும். படிகம் வளரும்போது இடம் கேக்கும். பெயிண்ட்டைத் தள்ளும், பூச்சைப் பேத்துரும்.

இதுல ரொம்ப மோசமான உப்புகள்ல ஒண்ணு எதுன்னா, சாயப்பட்டறையில பார்த்த அதே சோடியம் சல்பேட். காய்ஞ்ச நிலையில இருந்து தண்ணி சேர்ந்து கிளாபர் உப்பா மாறும்போது கிட்டத்தட்ட நாலு மடங்கு இடம் எடுக்கும். இந்த மாற்றம் நடக்கற எல்லை சுமார் 32 டிகிரி. நம்ம ஊர்ல வெயில் படற சுவர் பகல்ல அந்த எல்லைக்கு மேல போகும், ராத்திரி கீழே இறங்கும். ஈரமும் இருந்தா அந்த இழுபறி திரும்பத் திரும்ப நடக்கும். ஜல்லி எவ்வளவு உறுதின்னு சோதிக்க இன்ஜினியர்கள் இதே உப்புக் கரைசல்ல ஊறவச்சுக் காயவச்சுப் பார்க்கறாங்க. அஞ்சு தடவை அப்படிச் செஞ்சதுக்கு அப்புறம் எடை 12 சதவீதத்துக்கு மேல குறையக் கூடாதுங்கறது இந்தியத் தர நிர்ணயம் தர்ற வழிகாட்டுதல்.

நேர்மையா ஒண்ணு சொல்லிடறேன். அம்மிச்சி வீட்டுச் சுவர்ல இருக்கற ஒவ்வொரு துளி உப்பும் சாயப்பட்டறையில இருந்து வந்ததுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். வறண்ட பூமியில மண்ணுலயே உப்பு உண்டு. செங்கல்லுல, மணல்ல, சிமெண்ட்லயும் உண்டு. ஆனா ஆத்தோரத்துல நிலத்தடித் தண்ணி உப்பானதும், அந்தத் தண்ணியிலயே கலவை போட்டதும், அந்தக் கலவை மேல மூச்சு விடாத பெயிண்ட் அடிச்சதும் ஒரே இருபது வருஷத்துக்குள்ள நடந்துச்சு. சுவர் அந்த மூணையும் சேர்த்துத்தான் காட்டுது.

அப்போ என்ன பண்ணலாம்?

இந்தக் கேள்வி எனக்கு நிறைய மெசேஜ்ல வருது, அதனால நேரா சொல்லிடறேன்.

ஒண்ணு, உப்பைத் தண்ணி ஊத்திக் கழுவாதீங்க. கரைஞ்சு திரும்ப உள்ள போயிரும். காய்ஞ்ச பிரஷ்ல தட்டிக் கூட்டி எடுத்து வெளிய கொட்டணும். ரெண்டு, பெயிண்ட் கடைக்குப் போறதுக்கு முன்னாடி தண்ணி எங்க இருந்து வருதுன்னு பாருங்க. பைப் கசிவா, சன்ஷேடு விரிசலா, தரையில இருந்து ஏறுதா? அதை நிறுத்தாம என்ன அடிச்சாலும் கொட்டும். மூணு, புதுசா கட்டறீங்கன்னா கலவைத் தண்ணியைப் பரிசோதிங்க. கம்பி போட்ட காங்கிரீட்டுக்கான தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல கூடாது, சல்பேட் 400க்கு மேல கூடாதுன்னு இந்தியத் தர விதி சொல்லுது. போர் தண்ணி தேறலைன்னா ஆத்துக் குடிநீரை வரவச்சுக்கோங்க. நாலு, பூச்சு முழுசா காயறதுக்கு முன்னாடி எமல்ஷன் அடிக்காதீங்க. கிரகப்பிரவேசத் தேதிக்காக அவசரப்பட்டு அடிச்ச சுவர்தான் முதல் மழையிலயே கொப்பளிக்கும்.

அப்புறம், ஷீட்டும் டைல்ஸும். ஈரமான சுவர் மேல டைல்ஸ் ஒட்டுனா உப்பு மறையும், ஆனா நிக்காது. பின்னாடி வேலையைச் செஞ்சுக்கிட்டே இருந்து ஒரு நாள் டைல்ஸ் மொத்தமா கழண்டு விழும். அலுமினிய ஷீட்ல இன்னொரு கேள்வியும் கேக்கணும். ரெண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவுல என்ன இருக்கு? 2017 ஜூன் 14 அன்னைக்கு லண்டன்ல கிரென்ஃபெல் டவர்னு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு எரிஞ்சு 72 பேர் இறந்தாங்க. அழகுக்காகவும் குளிர் தாங்கவும் வெளிச்சுவர்ல அடிச்ச ஷீட்டுக்கு நடுவுல பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் இருந்தது. தீ அந்த வெளிச்சட்டை வழியா ஏறுச்சு. நம்ம ஊர்ல பஞ்சும் துணியும் நூலும் அடுக்கி வச்சிருக்கற கட்டடங்களுக்கு இந்த ஷீட் அடிக்கும்போது, தீ தாங்கற ரகம்தானான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க.

அம்மிச்சி வீடு

கடைசியா வீட்டுல என்ன பண்ணோம்னு சொல்றேன். பக்கத்து ஊர்ல இருந்து வயசான ஒரு கொத்தனார் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "உள்ள மண்ணுச் செவுரு இன்னும் நல்லாத்தானுங்க இருக்குது. மேல இருக்கற சிமெண்ட்டுதான் தண்ணியப் புடிச்சு வச்சிருக்குது"ன்னார். மாமா நம்பலை. ரெண்டு நாள் சண்டை. கடைசியில அம்மிச்சிதான் சொல்லுச்சு: "டைல்ஸ் ஒட்டறதுனா நான் போனதுக்கப்பறம் ஒட்டிக்கங்க."

நாலடி உயரத்துக்குச் சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்தோம். ரெண்டு மாசம் அப்படியே காய விட்டோம். பார்க்கறவங்க எல்லாம் "ஏனுங்க, காசு பத்தலையா?"ன்னு கேட்டாங்க. அப்புறம் சுண்ணாம்புப் பூச்சு. உப்பு நின்னுருச்சான்னு கேட்டா, இல்லை. இந்த வருஷமும் கீழே கொஞ்சம் பூத்துச்சு. ஆனா கொப்பளிக்கலை, சும்மா பூத்து நின்னுது. விளக்குமாத்துல தட்டிவிட்டோம். பூச்சும் கொஞ்சம் தேயுது. தேயறதுக்குத்தான் அது இருக்கு, சுவர் தேயாம இருக்கணும். சில வருஷத்துக்கு ஒரு தடவை கீழ்ப்பக்கம் மட்டும் திரும்பப் பூசணும்னு கொத்தனார் சொல்லியிருக்கார்.

மார்கழிக் கடைசியில வெள்ளை அடிச்சோம். நான் மட்டை பிடிச்சேன். நீலம் எவ்வளவு போடணும்னு யாருக்கும் தெரியலை. அப்பா எழுந்து வந்து வாளியைப் பார்த்தார். பல வருஷம் ஷேடு பார்த்த கண்ணு. ஒரு துளி விட்டார், கலக்குனார், விரல்ல தொட்டு வெயில்ல காட்டுனார், இன்னொரு துளி விட்டார். "போதும், காஞ்சா வெளுத்துரும்"ன்னார்.

காஞ்சப்போ சரியா வெளுத்துருந்துச்சு. அம்மிச்சி வாசல்ல வந்து நின்னு பார்த்துட்டு, காப்பு கட்டறதுக்குப் பூளைப்பூ பறிக்கப் போயிருச்சு.

உங்க ஊர்ல, உங்க தாத்தா பாட்டி வீட்டுச் சுவர்ல என்ன பூசியிருந்தாங்க? கேட்டு எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.